கடுதாசி, லேஞ்சி, தாலி: மேடையில் குடும்ப மானம் எங்கே கிடக்குது?

பக்கத்திரை

பழைய நாடகங்களில் புருஷன் பெண்சாதிக்கு நடுவில் வாற பொய்யை மேடையில் எப்படிக் காட்டுறது என்பதற்குத் தனியாக ஓர் இழை தேவை. நோர்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ பற்றிய இழையில் பாதிப்பேர் பெண் விடுதலை, மற்றப் பாதி குடும்பம் சிதையுது என்று அடிபட்டு முடிஞ்சுது. நாடகம் எப்படி வேலை செய்யுது என்ற கதை வரவே இல்லை.

நான் வைக்கிற வாதம் இதுதான். இந்த வகை நாடகம் ஒவ்வொன்றிலும் கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள் இருக்கும். மானம் அந்தப் பொருளுக்குள்தான் கிடக்கும். பார்வையாளர் அந்தப் பொருளைத் தவறவிட்டால், பிறகு நடிகர் எவ்வளவு அழுதாலும் சரிவராது.

‘பொம்மை வீட்டில்’ அது ஒரு கடன் முறி. 1,200 ஸ்பெசிடாலர், புதுக்காசில் 4,800 குரோனர். புருஷன் தொர்வால்டைச் சுகப்படுத்த இத்தாலிக்குக் கொண்டுபோக நோரா வாங்கிய காசு. முறியில் பிணைக்குத் தகப்பன் கையொப்பம் வைக்க வேணும். தகப்பன் செத்தது செப்ரெம்பர் 29. கையொப்பத்துக்குக் கீழே இருக்கிற திகதி ஒக்ரோபர் 2. செத்தவர் மூன்று நாள் கழிச்சு ஒப்பம் வைக்கேலாது. முழு நாடகமும் இந்த மூன்று நாளில் தொங்குது.

ஆனால் தமிழில் வாசிக்கிறபோது இந்தத் திகதிகளை ஓட்டமாக ஓடி விடுகினம். முதலாம் அங்கத்தில் கடன் குடுத்த குரொக்ஸ்டாட் இதைச் சொல்லுற இடத்தில் நிறுத்தி, கடுதாசியைத் திருப்பி, விரலால் காட்டி, இரண்டு திகதியையும் தனித்தனியே சொல்ல வேணும். சபை விரல் மடிச்சு எண்ணட்டும். எண்ணி முடிக்க முதல் அடுத்த வசனம் வரக்கூடாது.

நொத்தாரிசு

பக்கத்திரைக்கு ஒரு சட்டக் குறிப்பு. அந்தக் கையொப்பம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சபை விளங்காவிட்டால் நோரா வெறும் கள்ளக் கையெழுத்துக்காரி ஆகிவிடுவாள். புருஷனின் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாது என்பதை முதலாம் அங்கத்திலேயே நோராவின் பழைய சிநேகிதி லிண்ட சொல்லுகிறாள். ஒரே ஒரு வரி. அதைப் பலரும் ஏதோ பொதுக் கதை என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். வெட்டக்கூடாத வரி அது.

இதை நம் ஆட்களுக்கு விளங்கப்படுத்த நோர்வே வரை போகத் தேவையில்லை. நாடகம் வந்தது 1879. அதற்கு மூன்று ஆண்டுக்கு முன், 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் வந்தது. அதன்படி மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றப் புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அந்தக் கட்டு அவிழ்ந்தது 1923 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தோடு. ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு அவிழவில்லை. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு, சீதனக் காணியைக்கூட மனைவி விற்கவோ ஈடு வைக்கவோ புருஷனின் எழுத்துச் சம்மதம் கேட்கிறது. புருஷன் நியாயமில்லாமல் மறுத்தாலோ விட்டுப் போயிருந்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அந்தச் சம்மதத்தைப் பெற வழி உண்டு.

ஆகவே கொழும்புச் சபையில் உறுதி எழுதப் போய் ‘மிஸ்டரின்ர ஒப்பம் எங்க?’ என்ற கேள்வியைக் கேட்டவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். லிண்டவின் அந்த வரியை அவர்களுக்காகச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதற்காகக் கதையைத் தூக்கி வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து சீதனக் காணி உறுதி ஆக்கிவிடாதீர்கள். இங்கே காணி உறுதி என்றால் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் முன்னால் இருக்க வேண்டும். செத்தவர் கையொப்பத்தை வீட்டில் தனியே இருந்து போட்டுக்கொண்டு வர முடியாது. கதை அந்த இடத்திலேயே செத்துவிடும். நோராவின் முறி தனி ஆட்களுக்கு இடையிலான கடன் முறி. தகப்பனுக்கு அனுப்பச் சொல்லி குரொக்ஸ்டாட் அவள் கையில் கொடுக்கிறான், ஐந்தாறு நாளில் ஒப்பத்தோடு திருப்பிக் கொண்டுவருகிறாள். அதனால்தான் நடக்கிறது.

வடமோடி

எல்லாரும் நோர்வேயிலயே நிண்டா எப்பிடி? எங்கட ஆக்கள் விடிய விடியப் பாத்த மயான காண்டத்தில என்ன நடக்குது? அரிச்சந்திரன் வாக்குக்காகப் பெண்சாதியை வித்தவன். பிறகு சுடலையில நிண்டு, செத்த மகனைக் கொண்டு வந்த அதே பெண்சாதியிட்ட சுடலைக் கூலியாக் கால்பணமும் முழத்துண்டும் கேக்கிறான். ஒண்டும் இல்லையெண்டு அவள் அழ, ‘கழுத்தில தாலி கிடக்கே, அதை வித்துக் குடு’ எண்டுறான். அந்தத் தாலி புருஷன் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும். அந்த வசனத்திலதான் அவளுக்கு ஆள் ஆரெண்டு தெரியுது.

நடிகமணி வி.வி. வைரமுத்து அவர்கள் அதைப் பாடினதைக் கேட்ட ஆக்களுக்கு விளங்கும், அந்த இடத்தில ஆர்மோனியம் கூட மூச்சு விடாது.

இப்ப ‘பொம்மை வீட்டின்ர’ மூண்டாம் அங்கத்துக்கு வாங்கோ. தொர்வால்ட் சொல்லுறான், நேசிக்கிற ஆளுக்காக எந்த ஆம்பிளையும் தன்ர மானத்தைக் குடுக்க மாட்டான் எண்டு. அரிச்சந்திரனும் அதைத்தானே செய்தவன்? வாக்கு பெரிசு, பெண்சாதி பிறகு. நாங்கள் அவனைக் கும்பிடுறம், இவனுக்குக் கூ அடிக்கிறம். எங்க வித்தியாசம்?

பக்கத்திரை

வடமோடி அண்ணை, நல்ல இடத்தில் பிடிச்சியள். வித்தியாசம் இருக்கு. அரிச்சந்திரன் ஊர் பார்க்கத் தன் மானத்தையும் விக்கிறான், வெட்டியானாக நிற்கிறான். அவனுக்குத் தோற்றம் முக்கியமில்லை, வாக்குத்தான் முக்கியம். தொர்வால்டுக்கு வாக்கு ஒன்றும் இல்லை, தோற்றந்தான் முக்கியம். கள்ளக் கையொப்பத்தைக் காட்டிக்குடுக்கிற குரொக்ஸ்டாட்டின் முதல் கடிதத்தை வாசிச்ச உடனே அவன் என்ன சொல்லுறான்? இனிச் சந்தோசத்தைப் பற்றிய பேச்சில்லை, மிஞ்சின துண்டு துணுக்கை, வெளித்தோற்றத்தைக் காப்பாத்துறதுதான் மிச்சம். நீ வீட்டில் இருக்கலாம், பிள்ளைகளை வளர்க்க விடமாட்டேன். அதாவது ஊருக்கு மனைவி, வீட்டுக்கு இல்லை.

ஆனால் அரிச்சந்திரனையும் சந்திரமதி பக்கம் நிண்டு ஒருக்கால் பாருங்கோ. அவளிட்ட ஒருத்தரும் கேட்கேல்லை.

நோரா அந்த வசனத்துக்குக் குடுக்கிற பதிலில் மொழிபெயர்ப்புப் பிழை ஒன்று சுற்றித் திரியுது. மூலத்தில் ‘நூறாயிரம் பெண்கள் அதைச் செய்திருக்கினம்’. வில்லியம் ஆர்ச்சரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது மில்லியன் கணக்கு ஆகிட்டுது. ஆங்கிலத்தில் இருந்து தமிழாக்குறவை ‘கோடிக்கணக்கான பெண்கள்’ என்று இன்னும் ஊதிவிடுகினம். தமிழில் கையில் இருக்கிற சொல்லே போதும்: ‘லட்சம் பெண்கள் செய்திருக்கினம்.’ கூட்டினால் மேடைப் பேச்சு மாதிரிப் போயிடும். அவள் அதைத் தாழ்ந்த குரலில் சொல்லுறவள்.

கைப்பொருள்

பொருள் பற்றிய இழை என்றபடியால் பொருளைச் செய்யிறது எப்படி என்று எழுதுறன்.

தபால் பெட்டி. இரண்டாம் அங்கத்தில் குரொக்ஸ்டாட்டின் கடிதம் இதுக்குள் விழும். திறப்பு தொர்வால்டிடம் மட்டும். கடிதம் கண்ணாடிக்குள்ளால் தெரியுது என்று நோரா லிண்டவுக்குக் காட்டுறாள். ஆகவே மரப்பெட்டி வைச்சால் பிழை. மூன்று மில்லிமீற்றர் அக்கிறிலிக் தகடு முன்பக்கம், மற்றப் பக்கங்கள் பிளைவூட். அடிப்பலகை மட்டும் மெல்லிய பிளை, அதுக்குக் கீழே வெற்றிடம். அப்பதான் கடிதம் விழும்போது ‘தொப்’ என்ற சத்தம் மூன்றாம் வரிசைக்காவது கேட்கும். மெல்லிய என்வலப் விழும் சத்தம் கேளாது. உள்ளே ஒரு விசிட்டிங் கார்ட் அளவு மட்டையை மடிச்சு வையுங்கோ.

வைக்கிற இடம்: மேடை வீட்டின் முன்கூடக் கதவுக்கு வெளியே, கதவு திறந்து கிடக்கும்போது தெரியிற மாதிரி, தரையில் இருந்து நாலரை அடி உயரத்தில். கதவை உள்பக்கம் திறக்க வைச்சால் கதவே பெட்டியை மறைச்சுப்போடும். இந்தப் பிழை ஒத்திகையில் தெரியாது, ஏனென்றால் ஒத்திகையில் கதவே இருக்காது. ஹோலுக்குள் செற் ஏத்தின பிறகுதான் தெரியவரும், அப்ப பிணைச்சலை மாத்த நேரம் இருக்காது. பெட்டிக்கு மேலே சின்ன மஞ்சள் வெளிச்சம் ஒன்று, மற்ற வெளிச்சம் குறைஞ்சாலும் அது குறையக்கூடாது.

மூன்றாம் அங்கத்தில் பெட்டியைத் திறக்கிற தொர்வால்ட், ஆரோ பூட்டைக் கிண்டியிருக்கினம் என்று கண்டு உடைஞ்ச கொண்டையூசி ஒன்றை எடுக்கிறான். பிள்ளைகள் செய்திருக்குங்கள் என்று நோரா சொல்லிவிடுறாள். ஊசி கறுப்பாக இருந்தால் ஒருத்தருக்கும் தெரியாது. பித்தளை நிறத்தில் எடுங்கோ. இரண்டாம் அங்கத்தில் அவள் தலையில் அதே ஊசி மின்னியிருக்க வேணும், இல்லாட்டி இந்தக் காட்சிக்குக் கணக்குச் சரிவராது.

கடைசியில் இரண்டு கடிதத்தையும் முறியையும் கிழிச்சு அடுப்பில் போட்டு எரியிறதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேணும். ஹோல்களில் திறந்த நெருப்புக்குச் சம்மதம் எடுக்கிறது லேசில்லை. இரும்பு அடுப்பு வடிவில் பெட்டி, உள்ளே செம்மஞ்சள் எல்.ஈ.டி, கணினிக்குள் இருக்கிற மாதிரிச் சின்ன விசிறி, அதில் கட்டின மெல்லிய பட்டுத் துண்டு. காட்சி ஒன்றுக்கு மூன்று கடுதாசி செலவாகும். நாலு காட்சியும் உடுப்போடு இரண்டு ஒத்திகையும் என்றால் பதினெட்டு. இருபத்தைந்து செய்து வையுங்கோ, ஒரே கையெழுத்தில். முறியில் தகப்பன் பேரும் திகதியும் வேறு வேறு கையெழுத்தில் இருக்க வேணும், கதையில் அதுவும் ஒரு சாட்சி.

எதிர்க்கட்சி

எல்லாரும் தொர்வால்டைத் தூக்கில் போட்டாச்சு. நான் மற்றப் பக்கம் நிற்கிறன். நோரா பொய் சொல்லுறது நாடகத்தின் முதல் ஐந்து நிமிடத்திலேயே தொடங்குது. மக்கறூன் தின்றுவிட்டு வாயைத் துடைக்கிறாள், கடைக்குப் போகவேயில்லை என்று புருஷனுக்குச் சத்தியம் பண்ணுறாள். பிறகு லிண்ட கொண்டு வந்தது என்று குடும்ப நண்பர் ராங்க் டொக்டருக்கு இன்னொரு பொய். எட்டு வருசம் கடனை மறைச்சவள். வங்கி முகாமையாளராகப் போற ஒருத்தனின் வீட்டுக்குள் கள்ளக் கையெழுத்து இருந்தால் அவன் பதறத்தானே செய்வான்? அவனை முதல் காட்சியில் இருந்தே கோமாளியாக நடிக்கிறது நியாயமில்லை.

மூன்றாம் மணி

எதிர்க்கட்சி சொல்லுறதில் கடைசி வசனம் சரி, மற்றது பாதி சரி. தொர்வால்ட் நல்ல புருஷன். சபையில் இருக்கிற பெண்கள் முதலாம் அங்கத்தில் ‘பரவாயில்லையே, இப்பிடி ஒரு மனுசன்’ என்று நினைக்க வேணும். அவனை அரக்கனாக்கினால் அவள் ஏன் எட்டு வருசம் இருந்தாள் என்ற கேள்வி வரும், நாடகம் உடையும்.

மக்கறூனையும் கையொப்பத்தையும் ஒரே தராசில் வைக்கிறதுதான் பிழை. மக்கறூன் பொய், பயத்தால் வாற பொய். ஒளிச்சுத் தின்னுற வீட்டில்தான் கடனும் ஒளிஞ்சிருக்கும் என்று காட்டத்தான் இப்சன் அதை முதலில் வைச்சவர். அதுக்கும் முன்னால், நத்தார் மரம் தூக்கி வந்தவன் ஐம்பது ஓர (அரைக் குரோனர்) கேட்க, ஒரு குரோனரைக் குடுத்து மிச்சத்தை வைச்சிரு என்கிறாள். கடன்காரி காட்டுற கை அது. தமிழில் போடும்போது அவசரத்தில் இதை வெட்டிவிடுகினம். காசு கைமாறுற முதல் காட்சியே அதுதான்.

இப்ப நான் எழுத வந்த விசயம்: அழைப்புச் சொல்.

நோர்வே மொழியில் ‘நீ’ என்பதுக்கும் ‘நீங்கள்’ என்பதுக்கும் இரண்டு சொல் இருக்கு. ஆங்கிலத்தில் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இருந்து தமிழாக்குற ஆளுக்கு அதனால் ஒரு பெரிய விசயம் தவறிப்போகும். தொர்வால்ட் குரொக்ஸ்டாட்டை ஏன் வங்கி வேலையில் இருந்து தூக்குறான்? கள்ளக் கையெழுத்துப் போட்ட ஆள் என்பது வெளியில் சொல்லுற காரணம். அதைக்கூட மன்னிச்சிருப்பன் என்று அவனே சொல்லுறான். உண்மைக் காரணம், இருவரும் வாலிப வயசுச் சிநேகிதர், அவன் நாலு பேர் முன்னால் இவனை ‘நீ, ஹெல்மர்’ என்று குடும்பப் பேர் சொல்லி உரிமையோடு கூப்பிடுறான், புதுப் பதவிக்கு அது கூச்சம். நோரா அதைச் சின்னத்தனமான காரணம் என்கிறாள். அந்தச் சொல்லுக்குக் கோவம் வந்துதான் அவன் பணிநீக்கக் கடிதத்தை அந்த நிமிசமே அனுப்புறான். அதாவது குடும்பத்தை அழிச்சது ஒரு ‘நீ’.

தமிழில் இதுக்குக் கொடுப்பினை இருக்கு. குரொக்ஸ்டாட் இவனை ‘மச்சான்’ என்று கூப்பிடட்டும். முகாமையாளர் அறைக்குள் கிளாக் ஒருத்தன் வந்து ‘மச்சான், அந்த பைல்’ என்றால் எப்படி இருக்கும் என்று கொழும்பில் கந்தோரில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். விளக்கமே தேவையில்லை.

புருஷன் பெண்சாதிக்குள்: மூலத்தில் இருவரும் ‘நீ’தான். தமிழில் அது சரிவராது. அவள் ‘நீங்கள்’, அவன் ‘நீர்’. யாழ்ப்பாணத்து ‘நீர்’ இந்த வேலைக்கென்றே செய்த மாதிரி இருக்கு: மரியாதையும் இருக்கு, மேலே நிற்கிறதும் இருக்கு. செல்லம் கொஞ்சுற இடங்களில் ‘குருவி’, ‘அணில்’. மூலத்திலும் வானம்பாடியும் அணிலுந்தான். முதல் கடிதம் வாசிச்ச நிமிசத்தில் ‘நீ’ ஆகட்டும். ‘என்ன செய்தாய் எண்டு உனக்கு விளங்குதா?’ இரண்டாம் கடிதத்தில் முறி திரும்பி வந்த உடனே ‘நீர்’ திரும்ப வரட்டும், ‘குருவி’யும் கூட வரட்டும். ஒரு நிமிசத்துக்குள். அந்த ‘நீர்’தான் சபையைக் குலுக்கும், கூச்சல் இல்லை.

நோரா கடைசி வரை ‘நீங்கள்’ என்றே பேசட்டும். சிலர் அவளை ‘நீ’க்கு இறக்குறதுதான் புரட்சி என்று நினைக்கினம். அந்நியரோடு பேசுற ‘நீங்கள்’ ஆக அது மாறவேணும், அவ்வளவுதான். அன்னிய மனுசனின் அறையில் இரவு தங்கேலாது என்று அவளே சொல்லுறாள்.

பக்கத்திரை

‘நான் தப்பிட்டன்’ என்று அவன் துள்ள, ‘நான்?’ என்று அவள் கேட்கிற இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. ‘நீரும்தான்’ என்று பிறகுதான் ஞாபகம் வருது. அந்தக் கடிதம் நோரா பேருக்கு வந்தது, அவன்தான் பறிச்சு உடைக்கிறான். கையில் இருந்து பறிக்கிறதைச் சபை காணவேணும். வேலைக்காரப் பெட்டை நீட்டின கையும் நோராவின் கையும் சந்திக்க முதல் அவன் கை நடுவில் வரட்டும்.

கைப்பொருள்

ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ மனைவி டெஸ்டிமோனாவுக்குக் குடுத்த லேஞ்சிக்கு (கைக்குட்டை) வாறன், தலைப்பில் இருக்கு, ஒருத்தரும் தொடேல்லை.

அது சின்னதாக இருக்க வேணும். கதையே அதில் இருக்கு. ஒதெல்லோ தலையிடி என்கிறான், டெஸ்டிமோனா அதால் நெற்றியைக் கட்டப் பார்க்கிறாள், ‘உன்ர லேஞ்சி சின்னன்’ என்று சொல்லி அவன் தட்டிவிட, விழுது. பெரிய சால்வை மாதிரித் துணியைக் குடுத்துவிட்டு அந்த வசனத்தைப் பேசினால் சபை சிரிக்கும். ஒன்பது அங்குலச் சதுரம், வெள்ளைத் துணி, சிவப்பு நூலில் ஸ்ட்ரோபெரி. பூவேலை நாலு மூலையிலும் சின்னச் சின்னதாக வேண்டாம், நடுவில் மூன்று பெரிசாகப் போட்டால்தான் பின்வரிசைக்குத் தெரியும். நைலோன் கூடாது, மிதந்து மிதந்து விழுந்து சினிமா மாதிரிப் போகும். பருத்தி. விழுந்தால் கிடக்க வேணும்.

விழுந்த உடனே ஒதெல்லோ ‘அது கிடக்கட்டும்’ என்கிறான். அது என்பது தலையிடியா லேஞ்சியா என்பதை நெறியாளர் முதல் நாளே தீர்மானிக்கவேணும். லேஞ்சி என்று எடுத்தால் அவன் கண் தரைக்குப் போகும். விழுந்ததைக் கண்ணால் கண்டவன், பிறகு எங்கே லேஞ்சி என்று அவளையே கொல்லுறான். நான் இரண்டாவதைத்தான் எடுப்பன்.

மூன்றாம் மணி

அதோடு இதையும் கவனியுங்கோ. எமிலியாவும் ஒரு மனைவி, ஒதெல்லோவை ஏய்க்கிற இயாகோவின் மனைவி. புருஷன் கேட்டான் என்று லேஞ்சியை எடுத்துக் குடுக்கிறாள். ‘எங்கே தொலைச்சிருப்பன்?’ என்று டெஸ்டிமோனா கேட்க, ‘தெரியாதம்மா’ என்று பக்கத்தில் நிண்டு பொய் சொல்லுறாள். டெஸ்டிமோனாவும் ‘தொலையேல்லை’ என்று புருஷனுக்குப் பொய் சொல்லுறாள். இரண்டு பெண்களும் புருஷன்மாரின் முகத்துக்குப் பயந்து ஒவ்வொரு சின்னப் பொய். மக்கறூன் பொய் மாதிரியே. இயாகோவின் பெரிய பொய்க்கு இந்த இரண்டு சின்னப் பொய்தான் விறகு. இயாகோவை மட்டும் நம்பி மேடையேற்றுறவை இந்த விறகை விட்டுவிடுகினம்.

இன்னொன்று: எகிப்தியக்காரி தாய்க்குக் குடுத்த மந்திர லேஞ்சி என்று மூன்றாம் அங்கத்தில் பயமுறுத்துற ஒதெல்லோ, கடைசி அங்கத்தில் தகப்பன் தாய்க்குக் குடுத்தது என்கிறான். எது பொய்? இதைப் பிழை என்று நினைச்சு ஒன்றைத் திருத்துறவை உண்டு. திருத்தாதேங்கோ. புருஷனும் கதை கட்டியிருக்கலாம் என்ற சந்தேகம் அப்படியே இருக்கட்டும்.

வடமோடி

அப்ப நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாற்ற ‘சிம்ஹளநாதன்’ நாடகத்தை ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை? பேரிலயே எங்கட தீவு. ஷேக்ஸ்பியரிட சிம்பலைனைத்தான் அப்பிடி எழுதினவர். பெண்சாதியின்ர கற்பில புருஷன் பந்தயம் பிடிக்கிற கதை. எதிர்ப்பந்தயம் பிடிச்சவன் பெட்டிக்க ஒளிச்சுப் படுக்கையறைக்க வந்து, கையில கிடந்த காப்பைக் கழட்டிக்கொண்டு போறான். திரும்பவும் ஒரு பொருள்தான், பக்கத்திரை சொன்ன மாதிரி.

கைப்பொருள்

அந்தப் பெட்டி போடுறவைக்கு: ஆள் உள்ளே அடைபட்டுக் கிடக்கிறது நிமிசக் கணக்கில். முதுகுப் பக்கம் பலகையே வேண்டாம், கறுப்புத் துணி போதும். பிணைச்சலுக்கு மெழுகு, எண்ணெய் வேண்டாம், உடுப்பில் பிடிக்கும். காப்பு கழட்டுற நேரம் அது லேசில் வழுக்கினது என்று வசனமே வரும், ஆகவே கைக்கு இறுக்கமான காப்பைப் போட்டுவிட்டு இழுபடாதேங்கோ.

எதிர்க்கட்சி

உங்கள் கணக்குப்படி புருஷன்மார் எல்லாம் மூடர். மானத்தை உண்மையாகவே உயிராக நினைச்ச புருஷன் நாடகத்தில் இல்லையா?

பக்கத்திரை

இருக்கு. வாசிச்சால் நித்திரை வராது. ஸ்பானிய நாடகாசிரியர் கால்தெரோனின் ‘தன் மானத்துக்கு வைத்தியன்’, 1637 இல் அச்சானது. குத்தியெர்ரே என்ற பிரபு, மனைவி மென்சியா மேல் சந்தேகம். இளவரசன் விட்டுப்போன ஒரு குறுவாள் சாட்சி. அவள் பிழை செய்யேல்லை. அவனுக்கு அது முக்கியமில்லை, ஊருக்குத் தெரிய வந்திடுமோ என்பதுதான். இரத்தம் எடுக்கிற வைத்தியன் ஒருத்தனைக் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து அவள் நரம்பைத் திறக்க வைச்சு, வருத்தத்துக்கு இரத்தம் எடுத்த கட்டு அவிழ்ந்து செத்தாள் என்று காட்டுறான். வெளியே போற வைத்தியன் இரத்தக் கையை வாசல் கதவில் பதிச்சு அடையாளம் வைக்கிறான். அரசன் வந்து கண்டுபிடிச்சு என்ன செய்யிறான்? தண்டனை இல்லை, முந்திக் கைவிட்ட பெண் லெயொனோரைக் கட்டு என்கிறான்.

எதிர்க்கட்சி, நீங்கள் கேட்ட ஆள் இவன்தான். பதறவேயில்லை. கணக்காகச் செய்தவன். தொர்வால்ட் இவனுக்குப் பக்கத்தில் பச்சைப்பிள்ளை, ஆனால் இரண்டு பேர் வாயிலும் ஒரே சொல்: ஊர் என்ன சொல்லும்.

கைப்பொருள்

கதவில் கைப்பதிவுக்குக் கேட்க முதலே: அரைக்கோப்பை சீனிப்பாகு, இரண்டு தேக்கரண்டி சிவப்பு உணவுச் சாயம், கால் தேக்கரண்டி கொக்கோத் தூள், ஒரு மேசைக்கரண்டி சோளமா. மா இல்லாட்டி பதிவு கீழே ஒழுகி விரல் அடையாளம் அழிஞ்சுபோகும். பாத்திரம் கழுவுற திரவம் கொஞ்சம் விட்டால் உடுப்பில் இருந்து போகும், வாய்க்குள் போற காட்சிக்கு மட்டும் அதை விடாதேங்கோ. கதவுக்கு வெள்ளைப் பெயின்ற் மினுக்கம் இல்லாததாக இருக்கட்டும். மினுக்கத்தில் பிடிக்காது.

நொத்தாரிசு

திரும்பவும் நோராவுக்கு. ராங்க் டொக்டருக்குப் பட்டுக் காலுறை காட்டுகிற இடத்தைக் கொழும்பில் எப்படிச் செய்கிறீர்கள்? குடும்பத்தோடு வருகிற சபை. வெட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற யோசனை வரும்.

மூன்றாம் மணி

வெட்டினால் நோரா சுத்தமான பத்தினி ஆகிவிடுவாள், அப்ப நாடகம் தேவையில்லை. அவள் அந்த மனுசனிடம் கடன் கேட்கத்தான் வழி பண்ணுறாள். அவன் நேசத்தைச் சொல்லிவிட்ட உடனே கேட்கேலாமல் போயிட்டுது. அந்த இடத்தில் அவள் நிறுத்துறதுதான் அவளின் மானம், ஆரும் காணாத மானம். காலைத் தூக்கத் தேவையில்லை. காலுறையைப் பெட்டியில் இருந்து எடுத்து வெளிச்சத்துக்குப் பிடிச்சுக் காட்டினால் காணும். வெளிச்சம் மங்குற நேரம் என்று எழுதியே இருக்கு. பிறகு அவளே வேலைக்காரப் பெட்டையிடம் விளக்குக் கொண்டுவரச் சொல்லுறாள். அந்த விளக்கு வந்த பிறகு இருவர் முகத்தையும் பாருங்கோ.

லிண்டவைப் பற்றியும் ஒரு சொல். குரொக்ஸ்டாட் கடிதத்தைத் திருப்பி எடுக்கிறன் என்கிறான், அவள்தான் வேண்டாம் என்கிறாள். இந்த ஒளிப்பு முடியவேணும் என்று தீர்மானிக்கிறாள். நல்லவளா கெட்டவளா என்று சபை வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடிக்கட்டும். அழுது நடிக்கிற லிண்ட வேண்டாம்.

எதிர்க்கட்சி

சரி, இதையும் சொல்லுங்கோ. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போறதை எங்கட சபை ஏற்காது. ஜேர்மனியில் முடிவையே மாத்தினவை என்று கேள்வி. மாத்தினால் என்ன?

பக்கத்திரை

1880 இல் ஹெட்விக் நீமன்-ராபே என்ற நடிகை அந்த முடிவை நடிக்க மறுத்தபோது, வேறொருத்தன் கை வைக்க முதல் தானே கை வைப்பம் என்று இப்சனே ஒரு மாற்று முடிவு எழுதிக் குடுத்தவர். பிள்ளைகளின் அறை வாசலுக்கு அவளை இழுத்துப் போக, நோரா சரிஞ்சு விழுவாள், திரை. அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று அவரே சொன்னவர். காரணம் விளங்குதா? விழுந்த நோராவில் தாய்ப்பாசம் தெரியுது, ஆனால் அவள் எதிர்பார்த்த அற்புதம் என்ன, அது ஏன் நடக்கேல்லை என்ற கேள்வி செத்துப்போகுது. புருஷன் ‘நான்தான் செய்தன்’ என்று ஊருக்கு முன்னால் பழியை ஏற்பான் என்றுதான் எட்டு வருசம் காத்திருந்தவள். அது நடந்தால் தான் செத்துப்போறதென்றும் இருந்தவள். அந்த நம்பிக்கை முறிஞ்சதுக்குத்தான் அவள் போறாள், கடனுக்கு இல்லை.

சபை ஏற்காட்டி ஏற்காமல் இருக்கட்டும். கன்ரீனில் நின்று சண்டை பிடிக்கட்டும்.

கைப்பொருள்

அப்ப கடைசிக் கதவு. எல்லாரும் அறைக் கதவை அடிச்சுச் சாத்துகினம். எழுதியிருக்கிறது கீழே இருந்து கேட்கிற தெருக்கதவு. அவள் முன்கூடத்தால் போய், படி இறங்கி, தெருவுக்குப் போகவேணும். அந்த நேரத்துக்குள் தொர்வால்ட் கதிரையில் விழுந்து, முகத்தைப் பொத்தி, சுற்றிப் பார்த்து, அற்புதம் என்ற சொல்லை எடுத்துவிட வேணும். இருபது செக்கன் வைச்சுப் பாருங்கோ. நீளமாகத் தோன்றும், குறைக்காதேங்கோ.

ஒலிபெருக்கியில் போட்டால் சத்தம் சபைக்கு மேலே இருந்து வரும், படிக்குக் கீழே இருந்து வராது. நிசமான பலகைக் கதவு ஒன்றை நிலையோடு மேடைக்குப் பின்னால், தரை மட்டத்தில், மணல் மூட்டை வைச்சு நிறுத்துங்கோ. பூட்டு நாக்கு இரும்பில் விழுற சத்தம் தனியாகக் கேட்க வேணும். பிளைவூட் கதவு ‘படார்’ என்றுதான் சொல்லும்.

மூன்றாம் மணி

அதோடு, முடிஞ்ச உடனே வணக்கம் சொல்ல வரும்போது நோராவும் தொர்வால்டும் கைகோத்துக்கொண்டு வாறதை நிப்பாட்டுங்கோ. அவள் தெருவுக்குப் போனவள். வரட்டும், ஆனால் சபைக்குப் பின்னால் இருக்கிற வாசலால், சால்வையோடும் பையோடும், நடுவழியால் நடந்து மேடைக்கு வரட்டும்.

வடமோடி

அந்த ஹோலில பின் வாசலைப் பூட்டிப்போடுவினம். திறப்பு ஆரிட்ட எண்டு முதலே கேட்டு வையுங்கோ.